போர்ச்சுகலின் அல்வாரோ குன்யால்: சலாசாரை எதிர்த்தவர் சரி, ஜனநாயகவாதியா?

மதுரை_வாசகி கேட்டது:

2007இல் போர்ச்சுகல் அரசுத் தொலைக்காட்சி, தங்கள் வரலாற்றிலேயே மாபெரும் போர்ச்சுகீசியர் யார் என்று நேயர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. முதலிடம் சர்வாதிகாரி சலாசாருக்கு, 41 சதவீதம். இரண்டாம் இடம் சலாசாரின் போலீஸ் வருடக்கணக்கில் சிறையில் பூட்டி வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் அல்வாரோ குன்யாலுக்கு, 19 சதவீதம். நம் பாடப்புத்தகத்து வாஸ்கோ ட காமா பத்தாவது இடம்தான்!

சலாசார் பற்றி ஓரளவு தெரியும். குன்யால் பற்றித் தமிழில் தேடினால் பிறப்பு இறப்பு தேதியைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, இவர் உண்மையில் என்னதான் செய்தார்? 1974இல் ஆட்சியைக் கவிழ்த்தது ராணுவ அதிகாரிகள்தானே, இவர் அப்போது நாட்டிலேயே இல்லையே. இரண்டு, அலுவலகத்தில் ஒருவர் "அவர் மாஸ்கோ ஆள், வாய்ப்பு கிடைத்திருந்தால் அவரே இன்னொரு சலாசார் ஆகியிருப்பார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது நியாயமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையதாள்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், இரண்டாவதற்கு எப்படியும் சண்டை வரும்.

1913இல் கோயிம்பிராவில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர், அம்மா தீவிர கத்தோலிக்கர். பதினேழு வயதில், 1931இல், கட்சியில் சேர்கிறார். அப்போதே கட்சி தடை செய்யப்பட்டிருந்தது, ஏனென்றால் 1926 ராணுவப் புரட்சியிலேயே ஜனநாயகம் போய்விட்டது, சலாசார் 1928இல் நிதியமைச்சராக உள்ளே வந்து 1932இல் பிரதமராகி அதன் பிறகு 1968 வரை நகரவே இல்லை. ஆக குன்யால் வயதுக்கு வந்த நாளிலிருந்து அறுபது வயது வரை ஒரு நாள்கூடத் தன் நாட்டில் சட்டபூர்வமான அரசியல்வாதியாக இருந்ததில்லை.

1937இல் முதல் கைது, 1940இல் மறுபடி. இந்த இரண்டாவது முறை சிறையில் இருக்கும்போதுதான் சட்டப் படிப்பின் இறுதி ஆய்வை எழுதி முடிக்கிறார். போலீஸ் காவலோடு பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்து தேர்வாளர்கள் முன்னால் நிறுத்துகிறார்கள். ஆய்வின் தலைப்பு கருக்கலைப்பு! கத்தோலிக்க சர்வாதிகார நாட்டில், 1940இல், கைதி ஒருவர் வந்து கருக்கலைப்பைக் குற்றமாக வைத்திருக்கக் கூடாது என்று வாதிடுகிறார். தேர்வாளர்களில் ஒருவர் மார்செலோ கயத்தானு. அவர்தான் பின்னால் சலாசாருக்கு அடுத்து பிரதமராகி 1974இல் விரட்டப்பட்டவர். கதையில் வைத்தால் நம்ப மாட்டோம். அந்த நாட்டில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் பொதுவாக்கெடுப்பு வென்றது 2007இல், அதாவது நீங்கள் சொன்ன தொலைக்காட்சி வாக்கெடுப்பு முடிந்த அதே வருடம். ஆள் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

பெரிய கைது 1949 மார்ச்சில். லூசு என்ற சிற்றூரில் கட்சியின் ரகசிய வீட்டில் இவரோடு மிலிதாவ் ரிபெய்ரு, சோஃபியா ஃபெரெய்ரா இருவரும் பிடிபட்டார்கள். ரிபெய்ரு உண்ணாவிரதத்துக்குப் பிறகு உடல் நொந்து 1950 தொடக்கத்தில் சிறையிலேயே இறந்தார். குன்யால் விசாரணைக்கூண்டில் தன்னைத் தற்காத்துக்கொள்ளாமல் ஆட்சியையே குற்றவாளியாக்கிப் பேசினார், பலன் என்ன என்று தெரிந்தேதான். பதினோரு வருடம் உள்ளே, அதில் எட்டு வருடம் போலத் தனிமைச் சிறை. அந்தத் தனிமையில் மனிதர் கரியும் பென்சிலும் வைத்து வரைந்தார், கிராமத்து ஆட்கள், உழைக்கும் பெண்கள், தடித்த கைகால்களோடு. ஷேக்ஸ்பியரை போர்ச்சுகீசில் பெயர்த்தார். நாவல் எழுதினார். மானுவேல் தியாகு என்ற புனைபெயரில் வந்த கதைகள் எல்லாம் தன்னுடையவை என்று அவர் வாய் திறந்து ஒப்புக்கொண்டது எண்பது வயதுக்கு மேல்!

அப்புறம் அந்தத் தப்பித்தல். பெனிஷ் என்பது லிஸ்பனுக்கு வடக்கே, மூன்று பக்கமும் அட்லாண்டிக் கடல் மோதும் பழைய கோட்டை, அப்போது அவரை அடைத்திருந்த சிறை. 1960 ஜனவரி 3 மாலை. ஒரு நாடக நடிகர் காரை ஓட்டிக்கொண்டு கோட்டைக்கு எதிரே வந்து பின்பக்கக் கதவைத் திறந்தபடி சற்று நிறுத்துகிறார், வெளியே எல்லாம் தயார் என்பதற்கு அதுதான் சமிக்ஞை. உள்ளே ஒரு வார்டரைக் குளோரோஃபார்ம் வைத்து மயக்குகிறார்கள். காவலுக்கு நின்ற ஆயுதப்படை வீரர் ஒருவர் முன்பே இவர்கள் பக்கம் வந்துவிட்டவர். அவர் தன் பெரிய மேலங்கிக்குள் ஒவ்வொருவராக மறைத்து வெட்டவெளியைக் கடத்திக் கொண்டுபோகிறார். அங்கிருந்து படுக்கை விரிப்புகளை முடிந்த கயிற்றில் மதில் வழியாக இறக்கம். பத்து பேர், பலர் கட்சியின் தலைமையில் இருந்தவர்கள். ஆட்சிக்கு அதைவிடப் பெரிய அவமானம் அதற்கு முன் இல்லை.

அடுத்த வருடம் பொதுச் செயலாளர் ஆகிறார். அந்தப் பதவி 1942இலிருந்து காலியாகவே கிடந்தது, ஏனென்றால் முந்தைய செயலாளர் பென்ட்டு கொன்சால்வெஷ் கேப் வெர்டே தீவில் இருந்த தரஃபால் முகாமில் இறந்துபோயிருந்தார். பிறகு மாஸ்கோ, பாரிஸ் என்று வெளிநாட்டு வாழ்க்கை, 1974 ஏப்ரல் 30 வரை.

---

கடலோரம்:

பழையதாள் எழுதியதில் தப்பில்லை, ஆனால் இப்படி எழுதினால் சாகசக் கதை ஆகிவிடுகிறது, பெனிஷ் கயிறு எல்லாரையும் மயக்கும். நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

1968 ஆகஸ்ட். சோவியத் டாங்குகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குள் போகின்றன. இத்தாலி கட்சி கண்டித்தது. பிரான்ஸ் கட்சிகூட முணுமுணுத்தது. சர்வாதிகாரி பிராங்கோவின் கீழ் இதே மாதிரித் தலைமறைவாக இருந்த ஸ்பெயின் கட்சி வெளிப்படையாக எதிர்த்தது. குன்யால் ஆதரித்தார். தடை, தணிக்கை, ரகசியப் போலீஸ், ஒற்றைக் கட்சி இவை என்ன செய்யும் என்று தன் உடம்பிலேயே அனுபவித்த மனிதர், ஆக்கிரமிப்பவர் பக்கம் நின்றார். அது ஒருமுறை நழுவியதும் இல்லை, கடைசிவரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. எழுபதுகளில் இத்தாலி கட்சித் தலைவர் பெர்லிங்குவேரும் ஸ்பெயின் கட்சித் தலைவர் கரிய்யோவும் மாஸ்கோவிடமிருந்து விலகிப் பேச ஆரம்பித்தபோது இவர் அதை எதிர்த்தார். கோர்பச்சேவ் காலத்தில் கட்சிக்குள் மாற்றம் கேட்டவர்கள் வெளியே போக வேண்டியிருந்தது.

அலுவலக நண்பர் சொன்ன அந்த வரி முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சர்வாதிகாரத்தை எதிர்ப்பதும் சர்வாதிகாரத்தையே எதிர்ப்பதும் ஒன்றல்ல. குன்யால் செய்தது முதலாவது. அதை மிக மிகத் துணிச்சலாகச் செய்தார், அவ்வளவுதான்.

---

அச்சுக்கூடத்தான்:

இருவரும் தலைவரைப் பற்றியே பேசுகிறீர்கள். "ராணுவம்தானே கவிழ்த்தது, இவர் என்ன செய்தார்" என்ற கேள்விக்குப் பதில் தலைவரிடம் இல்லை, வீடுகளில் இருக்கிறது.

கட்சிப் பத்திரிகை 'அவாந்தெ' 1941இலிருந்து 1974 வரை நிற்காமல் ரகசியமாக வந்தது. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய தாள். நாட்டுக்கு உள்ளேயே அச்சடித்தார்கள், வெளிநாட்டிலிருந்து கடத்தி வரவில்லை. யோசித்துப் பாருங்கள், பிடெ என்ற அரசியல் போலீஸ், தெருவுக்குத் தெரு தகவல் கொடுப்பவர்கள், அதற்குள் முப்பத்து மூன்று வருடம் ஒரு பத்திரிகை. அச்சகம் என்றால் பெரிய இயந்திரம் இல்லை, ஒரு வாடகை வீட்டுக்குள் கையால் எழுத்துக் கோத்து உருளையால் ஒத்தி எடுப்பது. சத்தம் வெளியே கேட்கக்கூடாது. வெளியே பார்த்தால் சாதாரண கணவன் மனைவி வாழும் வீடு. அந்தப் பெண்கள்தான் எனக்கு முக்கியம். கடைக்குப் போவது, பக்கத்து வீட்டில் சந்தேகம் வராமல் பேசுவது, வீட்டுக்காரனுக்கு வாடகை கொடுப்பது, ஜன்னலில் ஆபத்துக்கு அடையாளம் வைப்பது எல்லாம் அவர்கள் தலையில். ஒரு வீடு சந்தேகத்துக்கு ஆளானால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டும், பெயர் மாற வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தால் பிரிந்து உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். குன்யாலுக்கே பெனிஷிலிருந்து தப்பிய வருடக் கடைசியில் தலைமறைவில்தான் மகள் பிறந்தாள்.

பிடிபட்டால் என்ன நடக்கும்? 'சிலை' என்று ஒரு முறை, சுவரைப் பார்த்து நாள்கணக்கில் நிற்க வைப்பது. கால் வீங்கித் தோல் வெடிக்கும். பிறகு தூங்க விடாமல் வைத்திருப்பது. பேசாமல் இருக்க வேண்டும் என்பது கட்சி விதி, பேசியவர்களைக் கட்சி மன்னிக்கவில்லை. அந்தக் கண்டிப்பு நம்மில் பலருக்குப் பிடிக்காது, ஆனால் அது இல்லாவிட்டால் கட்சி ஐந்து வருடம் தாங்கியிருக்காது. போலி அடையாளச் சீட்டுகள் செய்து கொடுத்த சிற்பி ஜொசே தியாஷ் கொயெல்யுவை 1961 டிசம்பரில் லிஸ்பன் தெருவிலேயே சுட்டார்கள்.

தெற்கே அலென்தேஜுவைச் சேர்க்காமல் இது முடியாது. பண்ணைகள் ஆயிரக்கணக்கான ஹெக்டேர், கூலியாட்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேலை. 1954இல் கூலி உயர்வு கேட்டுப் போன கதாரினா எவுஃபேமியா என்ற அறுவடைக்காரப் பெண்ணை ஆயுதப்படை அதிகாரி சுட்டுக் கொன்றார், 26 வயது. எனக்கு உடனே வெண்மணி ஞாபகம் வந்தது, இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் வந்தது. 1962இல் அதே வயல்களில் வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலையை வாங்கினார்கள். சர்வாதிகாரம் உச்சத்தில் இருக்கும்போது, சட்டம் எதுவும் இல்லாமல்!

1974 ஏப்ரல் 25 காலையில் டாங்குகள் லிஸ்பனுக்குள் வந்தபோது, வீட்டுக்குள் இருங்கள் என்று ராணுவம் வானொலியில் சொல்லச் சொல்ல மக்கள் தெருவில் இறங்கினார்களே, அந்த மக்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ராணுவ கேப்டன்கள் கவிழ்த்தது ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் பதின்மூன்று வருடம் ஓடிய போரில் சலித்துப்போய். அது தனிக் காரணம், மறுக்கவில்லை.

---

நாடோடி_தமிழன்:

இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. கோவா அப்போது சலாசாருடையது. கோவா விடுதலை இயக்கத்தின் முன்னோடி டி.பி. குன்ஹாவை 1946இல் கைது செய்து கப்பலேற்றி அதே பெனிஷ் கோட்டையில்தான் அடைத்தார்கள். குன்யால் அங்கே மாற்றப்பட்டது 1956இல், அதற்குள் குன்ஹா விடுதலையாகித் தப்பி பம்பாய் வந்துவிட்டார், அதனால் அந்தக் கோட்டையில் இருவரும் சந்தித்திருக்க முடியாது.

இன்னொன்று. 1957இல் தலைமறைவு மாநாட்டிலேயே போர்ச்சுகல் கம்யூனிஸ்ட் கட்சி குடியேற்ற நாட்டு மக்களுக்கு விடுதலை உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டது. அப்போது அங்கோலாவில் போரே தொடங்கவில்லை. சலாசாரை எதிர்த்த மற்ற ஆட்களில் நிறையப் பேர் ஜனநாயகம் வேண்டும், ஆனால் ஆப்பிரிக்காவும் கோவாவும் நமக்கே வேண்டும் என்ற மனநிலையில் இருந்தார்கள். கடலோரம் சொன்ன கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

---

மதுரை_வாசகி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1974 ஏப்ரலுக்குப் பிறகு? திரும்பி வந்தவர் அமைச்சர் ஆனாரே, அப்போது எப்படி நடந்துகொண்டார்? "இன்னொரு சலாசார்" என்பதைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடைக்காதே.

---

கடலோரம்:

சரியான இடத்தில் கேட்டீர்கள். விமான நிலையத்தில் இறங்கி ராணுவ வண்டி மேல் ஏறி நின்று பேசினார், இலாகா இல்லாத அமைச்சர் ஆனார். அடுத்த ஒன்றரை வருடம் நாடு கொந்தளிப்பில் இருந்தது. வங்கிகள் தேசியமயம், தெற்கில் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் கூலியாட்கள் கைப்பற்றி கூட்டுப் பண்ணைகள். வடக்கில் நேர் எதிர், 1975 கோடையில் சிறு விவசாயிகளின் ஊர்களில் கம்யூனிஸ்ட் அலுவலகங்களைக் கொளுத்தினார்கள்.

1975 ஏப்ரல் 25இல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல், வாக்களித்தவர்கள் 91 சதவீதத்துக்கும் மேல். சோஷலிஸ்டுகளுக்குச் சுமார் 38, கம்யூனிஸ்டுகளுக்குச் சுமார் பன்னிரண்டரை. இந்த எண்ணைப் பார்த்த பிறகும் குன்யால் கட்சி தெருவையும் ராணுவத்தின் இடதுசாரி அதிகாரிகளையும் நம்பியே போனது. தேர்தல் முடிவை மதிப்பதில் அவருக்கு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. இத்தாலியப் பத்திரிகையாளர் ஒரியானா ஃபல்லாச்சி எடுத்த பேட்டியில் மேற்கு ஐரோப்பிய மாதிரி நாடாளுமன்றம் இங்கே வராது என்கிற தொனியில் பேசியதாக வந்து உலகம் முழுக்கப் பெரிய பிரச்சினை ஆனது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று இவர் மறுத்தார். நவம்பர் 6இல் சோஷலிஸ்ட் தலைவர் மாரியோ சோரெஸுடன் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் நேருக்கு நேர் விவாதம். நீங்கள் இந்த நாட்டை இன்னொரு சர்வாதிகாரம் ஆக்கப் பார்க்கிறீர்கள் என்று சோரெஸ் குற்றம்சாட்ட, இவர் சிரித்துக்கொண்டே "அப்படி இல்லை பாருங்கள், அப்படி இல்லை" என்றார். இன்றைக்கும் போர்ச்சுகலில் அது எல்லாருக்கும் தெரிந்த வசனம்.

---

பழையதாள்:

அதற்கு அடுத்து நடந்ததைக் கடலோரம் விட்டுவிட்டார், வேண்டுமென்றே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன் :)

நவம்பர் 25இல் இடதுசாரி ராணுவப் பிரிவுகள் சில கிளர்ந்தன. உள்நாட்டுப் போர் வரும் என்று எல்லாரும் பயந்த நேரம். கட்சியிடம் ஆள்பலம் இருந்தது, தொழிற்சங்கங்கள் கையில் இருந்தன. அதைத் தெருவில் மோதவிடாமல் தலைமை பின்வாங்கியது. மறுநாளே வென்ற தரப்பின் அதிகாரி மெலோ அந்துனெஷ் தொலைக்காட்சியில் வந்து, கம்யூனிஸ்ட் கட்சி இல்லாமல் இந்த நாட்டைக் கட்ட முடியாது என்றார், தடை கேட்டவர்களின் வாயை அடைத்தார். 1976இல் புதிய அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக அந்தக் கட்சி வாக்களித்தது. அதன்பின் பதினாறு வருடம் குன்யால் தேர்தலில் நின்றார், தோற்றார், நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். இன்னொரு சலாசார் ஆகியிருப்பாரா என்பது ஊகம். இது நடந்தது.

1986 கதை தெரியுமா? அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் வலதுசாரி ஃபிரெய்தஷ் து அமரல் ஒரு பக்கம், அதே மாரியோ சோரெஸ் இன்னொரு பக்கம். சோரெஸுக்கு வாக்களிக்கவே மாட்டோம் என்று கட்சி முன்பு சத்தியம் செய்யாத குறை. குன்யால் அவசர மாநாடு கூட்டி, வேண்டுமானால் ஒரு கையால் அவர் படத்தை மூடிக்கொள்ளுங்கள், இன்னொரு கையால் வாக்களியுங்கள் என்றார். தொண்டர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாக்களித்தார்கள். சோரெஸ் 51 சதவீதத்தில் மயிரிழையில் வென்றார். அந்த வாக்குகள் இல்லாமல் வென்றிருக்க வழியே இல்லை.

---

கடலோரம்:

1986ஐ ஒப்புக்கொள்கிறேன், அது பெரிய மனசு இல்லை, கணக்கு, ஆனால் நல்ல கணக்கு. நவம்பர் 25 பற்றி நம் கருத்து ஒத்துப்போகாது, பலம் போதாது என்று தெரிந்து பின்வாங்கினார் என்றே நான் படிக்கிறேன். பிராக் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

---

அச்சுக்கூடத்தான்:

பிராகுக்குப் பதில் இல்லை, நான் தேடவும் இல்லை. கட்சிக்குள் இருந்தவர்களே பிறகு அதைக் கேட்டிருக்கிறார்கள். மாஸ்கோதான் வருடக்கணக்கில் இடமும் உதவியும் கொடுத்தது என்பது விளக்கம் ஆகலாம், சமாதானம் ஆகாது.

வாசகி, அந்த 2007 வாக்கெடுப்பை ரொம்ப நம்ப வேண்டாம். தொலைபேசியில் அழைத்துப் போடும் வாக்கு, இரண்டு பக்கத்துப் பற்றாளர்களும் அழைத்துத் தள்ளியிருப்பார்கள். 2005 ஜூனில் குன்யால் 91 வயதில் இறந்தபோது லிஸ்பன் தெருக்களில் லட்சக்கணக்கில் கூடியதைப் பாருங்கள், அது யாரும் தொலைபேசியில் போட்ட வாக்கு இல்லை. பெனிஷ் கோட்டை இப்போது தேசிய அருங்காட்சியகம், 2024 ஏப்ரலில் முழுமையாகத் திறந்தார்கள். லிஸ்பனிலிருந்து பேருந்தில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் இங்கே படம் போடுங்கள், இறங்கிய மதில் எவ்வளவு உயரம் என்று பார்க்க ஆசை.